பாதையை வரைந்து காட்டுவோம்
(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

"கட்டற்ற மென்பொருளின் துணைகொண்டு விளக்கப் படமும் பாய்வுப் படமும் வரைதல்" என்பது எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு. இது கணிப்பொறி பயில்வோர்க்கு உரிய செய்தியாயிற்றே, நமக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணக்கூடும். வெள்ளி விழா மேடையில் பேசுதற்குப் பெரும் பொருள்கள் பல இருக்க, கட்டமும் அம்பும் வரைவதைப் பற்றியா பேசுவது என்றும் கேட்கக்கூடும். இந்தக் கட்டத்திலும் அம்பிலும் நம் பிள்ளைகளின் படிப்பும், நம் குடும்பங்களின் உரிமையும் அடங்கியிருக்கின்றன என்று காட்டுவதே என் உரையின் நோக்கம்.

நம் மக்கள் இழந்தவற்றைக் கணக்கெடுத்துப் பாருங்கள். சட்டம் இல்லாமையால் இழந்தவை ஒரு பங்கு. சட்டம் இருந்தும், அதைச் சென்றடையும் வழி தெரியாமையால் இழந்தவை மற்றொரு பங்கு. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் 1944ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகள் அதனைப் பெறலாம் என்று விதி உண்டு. ஆயினும் கல்லூரியில் இடம் கிடைத்த மாணவி ஒருத்தி, வருமானச் சான்று உரிய நாளில் கிட்டாமையால் அவ்வாண்டுத் தொகையை இழந்து நின்றதை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். அவளுக்குத் தகுதி இருந்தது. அரசின் ஆணையும் இருந்தது. எந்தச் சான்றை முதலில் வாங்குவது, அது எத்தனை மேசைகளைக் கடந்து வரும், ஒரு மேசையில் தங்கிவிட்டால் யாரைக் கேட்பது என்பதை மட்டும் அவளுக்குச் சொல்வார் இல்லை.

வழிமுறை என்பது பெரும்பாலும் அலுவலகங்களில் பணியாற்றுவோரின் தலைக்குள் இருக்கிறது. தந்தையோ மாமனோ அலுவலராக உள்ள வீட்டில் அது உணவு வேளைப் பேச்சிலேயே பிள்ளைகளின் காதில் விழுந்துவிடுகிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் நம் பிள்ளைக்கு அந்தப் பேச்சு வாய்ப்பதில்லை. தலைக்குள் இருக்கும் வழிமுறையைத் தாளுக்குக் கொண்டுவந்து, சுவரில் ஒட்டி, எல்லோரும் காணச் செய்யும் கருவியே பாய்வுப் படம்.

கொத்தனாரின் கையிலிருந்து பிறந்த கலை

இக்கருவியின் வரலாறு சுவையானது. அமெரிக்க நாட்டில் பிராங்க் கில்பிரெத் என்பார் 1885இல், தமது பதினேழாம் வயதில், செங்கல் அடுக்கும் கொத்து வேலையில் பயிலுநராகச் சேர்ந்தார். ஒரு செங்கல்லை எடுத்து வைப்பதற்குள் கொத்தனாரின் கை பதினெட்டு அசைவுகள் செய்வதைக் கண்டு, அதனை ஐந்தாகக் குறைக்க வழி கண்டார். அவரும் அவர் துணைவியார் லில்லியன் கில்பிரெத்தும், வேலையின் படிகளைக் குறியீடுகளால் வரைந்து காட்டும் முறையை 1921இல் பொறியாளர் சங்கத்தின் முன் எடுத்துரைத்தனர். 1947இல் கோல்ட்ஸ்டைன், வான் நாய்மன் என்னும் அறிஞர்கள் கணிப்பொறிக்கு வேலை சொல்லும் முறையைப் பாய்வுப் படங்களால் விளக்கினர். 1985இல் இக்குறியீடுகளுக்குப் பன்னாட்டுத் தர நிர்ணயமும் வெளியாயிற்று.

உழைப்பாளியின் கையைப் பார்த்துப் பிறந்த கலை இது. தொடக்கத்தில் உழைப்பாளியிடமிருந்து கூடுதல் வேலை பெறுவதற்கே முதலாளிமார் இதனைப் பயன்படுத்தினர். இன்று உழைப்பாளியின் மகன் அலுவலகத்தின் கையைப் பார்த்து, அது எத்தனை அசைவுகள் செய்கிறது, எங்கே வீணே நின்றுவிடுகிறது என்று வரைந்து காட்டலாம். கருவி அதுவே, பார்க்கும் கண் யாருடையது என்பதில்தான் வேறுபாடு.

ஒடுக்கப்பட்டோர் படம் வரைந்து தம் நிலையை உலகுக்குக் காட்டியதற்குச் சான்று உண்டு. 1900ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்காக, கறுப்பின அறிஞர் டு போய்ஸ் அவர்கள் அட்லாண்டாப் பல்கலைக்கழக மாணவர்களுடன் சேர்ந்து ஏறத்தாழ அறுபது விளக்கப் படங்களை மையாலும் வண்ணத்தாலும் கையால் வரைந்தளித்தார். அடிமைத்தளை நீங்கிய தம் மக்கள் எவ்வளவு நிலம் பெற்றனர், எத்தனை பேர் எழுத்தறிந்தனர் என்பவற்றை ஒரே பார்வையில் விளங்கும்படி அவை எடுத்துக்காட்டின. அதே டு போய்ஸ் அவர்களுக்குத்தான் 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒப்புமையைக் குறிப்பிட்டார். நமக்கு இக்கலை அயலானது அன்று.

நான்கு வடிவங்கள் போதும்

பாய்வுப் படத்தின் இலக்கணம் மிக எளியது. நான்கு வடிவங்களைக் கற்றால் போதும். முனை வளைந்த நீள்வடிவம் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும். செவ்வகம் செய்யவேண்டிய செயலைக் குறிக்கும். இணைகரம் நாம் கொடுப்பதையும் பெறுவதையும், அதாவது மனு, சான்று, ஒப்புகைச் சீட்டு முதலியவற்றைக் குறிக்கும். சாய்சதுரம் ஒரு கேள்வியைக் குறிக்கும்; அதிலிருந்து "ஆம்" என்று ஒரு கிளையும் "இல்லை" என்று ஒரு கிளையும் புறப்படும். இவற்றை அம்புகள் இணைக்கும்.

இந்நான்கனுள் நம் மக்களுக்கு இன்றியமையாதது சாய்சதுரமே. நமக்குக் கிடைக்கும் அறிவுரைகள் யாவும் "ஆம்" என்ற கிளையை மட்டுமே சொல்கின்றன. "மனுக் கொடு, சான்று வரும்" என்பார்கள். வராவிட்டால் என்ன செய்வது? அந்த "இல்லை" என்ற கிளைக்கு அம்பு வரையப்படுவதே இல்லை. நம் மக்கள் திகைத்து நின்றுவிடும் இடம் அதுதான். "நாளைக்கு வா" என்கிறார் அலுவலர். நாளை சென்றால் மீண்டும் "நாளைக்கு வா" என்கிறார். இதனைப் படமாக வரைந்தால், அம்பு புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பி வந்து சுற்றிக்கொண்டிருக்கும். கணிப்பொறியாளர் இதனை முடிவிலாச் சுழல் என்பர். நிரல் எழுதுவோர் இதனைக் குற்றமாகக் கருதித் திருத்துவர். நம் பெற்றோரோ அச்சுழலில் வாழ்நாளையே கழித்தனர். சுழலிலிருந்து வெளியேறும் வழி ஒன்றுதான்: இத்தனை நாளுக்குள் நடைபெறாவிடில் இன்ன இடத்துக்குச் செல் என்னும் நாள் எல்லை.

ஒரு சட்டம் படமாகிறது

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005ஐ எடுத்துக்கொள்வோம். தொடக்கம் என்று ஒரு வடிவம் வரைக. அதன்கீழ் இணைகரம்: பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. நம் மாநில அலுவலகம் எனில் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டவேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. மனு வேறோர் அலுவலகத்துக்கு உரியது எனின், பெற்றவரே அதனை 5 நாட்களுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்பவேண்டும். "இது எங்கள் அலுவலகத்தைச் சேர்ந்ததன்று" என்று திருப்பிவிடுதல் ஆகாது. அடுத்து ஒரு சாய்சதுரம்: "30 நாட்களுக்குள் நிறைவான பதில் வந்ததா?" ஆம் எனில் முடிவு.

இல்லை எனில்? இங்கேதான் படத்தின் உயிர் இருக்கிறது. "இல்லை" என்ற அம்பு, அதே அலுவலகத்தின் மேல்நிலை அலுவலருக்குச் செய்யும் முதல் மேல்முறையீட்டுக்குச் செல்கிறது. அதனை 30 நாட்களுக்குள் செய்தல் வேண்டும். அவர் 30 நாட்களுக்குள், காரணம் காட்டினால் 45 நாட்களுக்குள், முடிவு சொல்லவேண்டும். மறுபடியும் ஒரு சாய்சதுரம். அங்கும் "இல்லை" எனின், 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

இப்போது வரைந்த படத்தை உற்று நோக்குங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு நாள் எண் இருக்கிறது. கடைசிக் கட்டமாகிய ஆணையத்தின் கட்டத்தில் மட்டும் எழுதுவதற்கு எண் இல்லை. ஏனெனில் ஆணையம் இத்தனை நாளில் தீர்ப்பளிக்கவேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. பக்கம் பக்கமாகச் சட்டத்தைப் படிப்போர் கண்ணுக்கு இக்குறை எளிதில் புலப்படாது. படம் வரைவோருக்கு ஒரு நொடியில் புலப்படும். எனவே பாய்வுப் படம் நமக்கு வழியைக் காட்டுவதோடு, வழி எங்கே அறுந்து கிடக்கிறது என்பதையும் காட்டுகிறது. எதற்காக மனுக் கொடுப்பது, எதற்காகக் குரல் எழுப்புவது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது.

இவ்வாறே சாதிச் சான்றுக்கு ஒரு படம் வரையலாம். மின்சேவை மையத்தில் தொடங்கி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று அது செல்லும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989க்கும் ஒரு படம் வேண்டும். முதல் தகவல் அறிக்கை, 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை, சிறப்பு நீதிமன்றம், தீர்ப்பு என்ற படிகளோடு, பாதிக்கப்பட்டோருக்குரிய நிவாரணத் தொகையின் பகுதிகள் எந்தெந்தப் படியில் வழங்கப்படவேண்டும் என்பதையும் அருகே குறித்துவிட்டால், கேட்கவேண்டிய நேரத்தில் கேட்பதற்கு எவரும் தயங்கார்.

இலவசம் வேறு, விடுதலை வேறு

இனி, இப்படங்களை எதைக்கொண்டு வரைவது? கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும் என்பேன். ஆயினும் கணிப்பொறியில் வரைந்தால் திருத்துவது எளிது, படி எடுப்பது எளிது, ஊருக்கு ஊர் அனுப்புவது எளிது. இதற்கென வணிக நிறுவனங்கள் விற்கும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுக்கு விலையோ சந்தாவோ செலுத்தவேண்டும். காசு இல்லாதோர் சிலர் திருட்டுப் பிரதியை நாடுகின்றனர். நம் இளைஞர்களுக்கு அந்த இழிவு வேண்டியதில்லை. உரிமையோடு எடுத்தாளக்கூடிய கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன.

கட்டற்ற மென்பொருள் என்பது வெறும் இலவசப் பொருள் அன்று. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கி வைத்த இயக்கத்தின் கொள்கைப்படி அதில் நான்கு உரிமைகள் அடங்கும். எந்தப் பயனுக்கும் இயக்கும் உரிமை. அதன் உள்ளமைப்பைக் கற்று மாற்றும் உரிமை. பிறருக்குப் படி வழங்கும் உரிமை. மாற்றியதையும் வழங்கும் உரிமை. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் இருப்பதால் அவர்கள் நெடுநேரம் விளக்கவேண்டியிருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. நம் மக்களுக்கோ அந்த வேறுபாடு அனுபவத்திலேயே உண்டு. கிணற்றின் அருகே செல்லாமல் எட்ட நின்று, ஒருவர் மேலிருந்து ஊற்றும் நீரைக் கையேந்திக் குடித்தோமே, அதற்கு யாரும் காசு கேட்கவில்லை, அது இலவசம். 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரின் சவதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தம் கையால் நீரை அள்ளிப் பருகினாரே, அது விடுதலை. உள்ளே பார்க்கவும் மாற்றவும் உரிமை தராத இலவச மென்பொருள், ஊற்றும் நீர். ஊற்றுபவர் மனம் மாறினால் கை வறண்டுவிடும். கட்டற்ற மென்பொருள், நாமே இறங்கி அள்ளும் குளம்.

இது நமக்குப் புதிய எண்ணமும் அன்று. 1893இல் இரட்டைமலை சீனிவாசனாரும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதரும் தத்தம் இதழ்களைத் தொடங்கியபோது, அக்காலத்துப் பெருங்கருவியாகிய அச்சினைத் தம் மக்களின் குரலாக்கினார்கள். நம் காலத்துக் கருவி கணிப்பொறி. பெங்களூரில் குடிசைப் பகுதி ஒன்றில், அம்பேத்கர் சமூகக் கணினி மையம் என்ற பெயரிலேயே ஓர் இடம் அமைத்து, தன்னார்வலர்கள் கட்டற்ற மென்பொருளைக்கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அண்டையிலுள்ள கேரளத்தில் அரசுப் பள்ளிகளே கட்டற்ற மென்பொருளில் பாடம் நடத்துகின்றன. அவர்களால் இயல்வது நம்மாலும் இயலும்.

வரையும் முறை

எல்லாவற்றிலும் எளியதாக நான் பரிந்துரைப்பது லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள "டிரா" என்னும் வரைகருவி. 2010 முதல் தன்னார்வலர்களின் கூட்டுழைப்பால் வளர்ந்து வரும் தொகுப்பு அது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். நிறுவிய பின்னர் இணைய இணைப்புத் தேவையில்லை. ஒருங்குறித் தமிழ் எழுத்துகளைக் கட்டத்துக்குள் நேரடியாகத் தட்டச்சிடலாம்.

அதனைத் திறந்ததும் வடிவங்களின் பட்டையில் பாய்வுப் படத்துக்குரிய வடிவங்கள் ஒரு தொகுதியாக இருக்கக் காண்பீர்கள். வேண்டியதைத் தேர்ந்து பக்கத்தில் இழுத்து வரையுங்கள். வடிவத்தின் மேல் சுட்டியை இருமுறை சொடுக்கினால் எழுத இடம் கிடைக்கும். கட்டங்களைச் சேர்ப்பதற்குச் சாதாரணக் கோட்டைப் பயன்படுத்தாதீர்கள். இணைப்புக் கோடு என்று தனியே ஒன்று இருக்கிறது. அதனை ஒரு கட்டத்தின் அருகே கொண்டுசென்றால் நான்கு பக்கமும் ஒட்டும் புள்ளிகள் தோன்றும். ஒரு புள்ளியில் தொடங்கி மற்றொரு கட்டத்தின் புள்ளியில் முடியுங்கள். பின்னர்க் கட்டத்தை எங்கே நகர்த்தினாலும் கோடு தானே தொடர்ந்து வரும். புதிய படி ஒன்றை நடுவில் நுழைக்கும்போது இதன் அருமை விளங்கும்.

முடித்தபின் இருவகையாகச் சேமித்து வைக்கவேண்டும். ஒன்று, திருத்தக்கூடிய மூலக் கோப்பு. மற்றொன்று, அச்சிடவும் கைப்பேசியில் அனுப்பவும் ஏற்ற பி.டி.எஃப். கோப்பு. மூலக் கோப்பின் அமைப்புமுறை யாவர்க்கும் வெளிப்படையானது; 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. எனவே இன்று வரைந்ததைப் பல்லாண்டு கழித்து நம் பிள்ளைகள் வேறொரு மென்பொருளிலும் திறக்க இயலும்.

படங்களை மட்டுமே வரைய விரும்புவோர்க்கு "டயா" என்னும் சிறு மென்பொருள் உண்டு. அழகிய சுவரொட்டிகளுக்கு "இங்க்ஸ்கேப்" ஏற்றது. படம் வரையக் கை வராதவர்களுக்கு "கிராஃப்விஸ்" என்று ஒன்று இருக்கிறது. எதிலிருந்து எதற்கு அம்பு செல்லவேண்டும் என்பதை வரிவரியாக எழுதிக் கொடுத்தால், அதுவே கட்டங்களை அடுக்கிப் படமாக்கித் தரும். கைப்பேசி மட்டுமே உள்ளவர்கள் தாளில் வரைந்து கொணர்ந்தால், கணிப்பொறி தெரிந்த தோழர் அதனைப் பதிந்து கொடுக்கலாம்.

வரைவோர்க்குச் சில நெறிகள்

முதலில் தாளில் வரைந்து பார்த்து, பின்னரே கணிப்பொறியின் முன் அமர வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரு செயலை மட்டுமே எழுதவேண்டும். அதுவும் "கொடு", "வாங்கு", "கேள்" என்று வினையால் முடியவேண்டும். ஒவ்வொரு சாய்சதுரத்துக்கும் இரண்டு கிளைகளும் உண்டா என்று சரிபார்த்தல் வேண்டும். நாள் எண்களைச் சட்டத்தையோ அரசாணையையோ பார்த்தே எழுதவேண்டும், கேள்விப்பட்டதை எழுதலாகாது. படத்தின் அடியில் வரைந்த தேதியைக் குறித்தல் கட்டாயம். விதிகள் மாறும்; பழைய படம் நம் மக்களைத் தவறான கதவுக்கு அனுப்பிவிடக் கூடாது. இறுதியாக, படத்தை உங்கள் தாயிடம் காட்டுங்கள். எழுத்தறியாதவராயின் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் "அப்புறம்?" என்று கேட்கிறாரோ அந்த இடத்தில் ஓர் அம்பு குறைகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். அவரைவிடச் சிறந்த தேர்வாளர் எவரும் இலர்.

ஒரு வேண்டுகோள்

வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்துக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. சங்கக் கட்டடத்தின் ஒரு சுவரை இப்படங்களுக்கு ஒதுக்குங்கள். உதவித்தொகை, சாதிச் சான்று, வருமானச் சான்று, தகவல் உரிமை, வன்கொடுமைத் தடுப்பு என்று முதலில் ஐந்து படங்கள் வரையப்படட்டும். கல்லூரி செல்லும் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றை ஏற்று, ஒவ்வோராண்டும் சூன் மாதத்தில், சேர்க்கை தொடங்குமுன், விதிகளைச் சரிபார்த்துத் திருத்தட்டும். மூலக் கோப்பைக் கேட்கும் எந்த ஊருக்கும், எந்தச் சமூகத்தாருக்கும் தயங்காது கொடுங்கள். நமக்குக் குளத்தை மூடியவர்களுக்கும் நாம் குளத்தை மூடவேண்டா.

அலுவலகத்தில் நாலு பேரைத் தெரிந்து வைத்திருப்பதே ஆற்றல் என்று நம் பெரியோர் எண்ணியிருந்தனர். தெரிந்தவர் மாற்றலாகிச் சென்றுவிடுவார். சில வேளைகளில் முகம் திருப்பிக்கொள்வார். வழியைத் தெரிந்து வைத்திருப்பதே நிலையான ஆற்றல். அவ்வழியை ஒருவர் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால், நாளை அவரே நம் தெருவின் இடைத்தரகர் ஆகிவிடுவார். எல்லோர் கண்ணுக்கும் எதிரே சுவரில் தொங்கும் வழிக்கு இடைத்தரகர் இல்லை. ஆதலின் இளைஞர்களே, கற்றதை வரையுங்கள், வரைந்ததைப் பகிருங்கள், பகிர்ந்ததைத் திருத்துங்கள். இருபத்தைந்து ஆண்டு வளர்ந்த இச்சங்கம் நூறாண்டு வளர்வதற்கு அது உரமாகும்.



வளர்க நம் கல்விச் சங்கம்! ஜெய்பீம்! வணக்கம்.